ஃப்ரிட்ஜில் கிடந்து சாவதா பாதுகாப்பு?

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தின் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரைக் காப்புரிமைக்காகச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துக்கு அனுப்புவது நம் மண்ணின் சொத்தைத் தாரை வார்ப்பது என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டுமாம். அதன் குணங்களை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். மண்பற்றுப் பேசும் இந்த வாதம்தான் மண்ணுக்குப் பெரும் கேடு.

முதலில் அந்த ஃப்ரிட்ஜைப் பார்ப்போம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. 2004இல் சுனாமி, 2015இல் வெள்ளம். இப்படிப்பட்ட கரையில் ஒற்றை ஃப்ரிட்ஜை நம்பச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. கரண்ட் போகாவிட்டாலும் கதி அதேதான். அகார் காய்ந்து டியூபின் சுவரை விட்டுச் சுருங்கும். பஞ்சடைப்பின் ஓரமாகப் பூஞ்சை ஏறும். திரும்பத் திரும்ப சப்கல்ச்சர் செய்தால், சாம்பல் தூவியதுபோல் வித்து கட்டிய ஆக்டினோமைசீட் பாக்டீரியா வித்திழந்து மொட்டையாகி, எந்த மருந்துப் பொருளுக்காக அதைப் பிடித்தோமோ அதைச் சுரப்பதையே நிறுத்திவிடலாம். வளர்த்த மாணவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனபின் மிஞ்சுவது லேபிள்தான்.

காப்புரிமைக்காக நுண்ணுயிர்களை ஒப்படைப்பது பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் இயங்கும் சேமிப்பகத்தில், சண்டிகரின் எம்டிசிசியானாலும் புனேயின் எம்சிசியானாலும், கல்ச்சரை உறையவைத்து உலர்த்தி ஆம்பியூலில் அடைக்கிறார்கள், அல்லது திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். குறைந்தது 30 ஆண்டுகள் காக்க வேண்டும். கடைசியாக யாராவது மாதிரி கேட்டதிலிருந்து 5 ஆண்டுகளாவது காக்க வேண்டும்.

நாலு பக்கம் எழுதினால் போதும் என்பது சட்டத்தைப் படிக்காத பேச்சு. எழுத்தால் முழுமையாக விளக்க முடியாத, பொதுமக்களுக்குக் கிடைக்காத உயிர்ப்பொருளை விண்ணப்ப நாளுக்குள் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு. இயற்கையில் கிடக்கும் உயிரை அப்படியே யாரும் உரிமை கோரவும் முடியாது; 3(c) அதைத் தடுக்கிறது.

திருடிவிடுவார்கள் என்ற பயமா? மாதிரி யாருக்கு, எப்போது கிடைக்கும் என்பதற்கு விதி இருக்கிறது. அதைவிட முக்கியம், அதே 10(4) பிரிவு உயிர்ப்பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று விண்ணப்பத்தில் சொல்லச் சொல்கிறது. மறைத்தாலோ பொய் சொன்னாலோ காப்புரிமையை எதிர்க்கலாம், ரத்தும் செய்யலாம். தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கு ஆதாயத்தில் பங்கு கேட்கும் அதிகாரமும் உண்டு. ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தந்த நுண்ணுயிர் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்து சான்பார்ன் வயல் மண்ணிலிருந்து வந்தது. 1949இல் பியோரியா சேமிப்பகத்துக்குப் போன அந்தக் கல்ச்சரோடு வயலின் பெயரும் வாழ்கிறது. பிச்சாவரத்தின் பெயர் எங்கள் ஃப்ரிட்ஜோடு அழியட்டும் என்பவர்கள் எந்த மண்ணைக் காக்கிறார்கள்?

கோபப்பட ஒரு நியாயம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல்லாண்டுகளாக இயங்கியும், உயிருள்ள கல்ச்சரைப் பார்சல் கட்டி வடக்கே அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு சேமிப்பகம் வேண்டும் என்று கேளுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.