தோல் ஜாக்கெட்டும் பாலாறும்

எங்கள் ராஜகுளத்தில் புல்லட் ஓட்டும் பையன்கள் சிலர் இந்த வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட் போடுகிறார்கள். ஊர் சிரிக்கிறது. நான் சிரிக்க மாட்டேன். 1928-இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் அதை உருவாக்கியது பகட்டுக்காக அல்ல. காற்று புகாதிருக்கக் குறுக்கு ஜிப். விழுந்தால் உடம்பு சிராய்க்காதிருக்கத் தடித்த தோல். 1953-இல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ போட்ட பிறகுதான் அது முரட்டு இளைஞர்களின் அடையாளமானது.

ஆனால் தோலுக்கு நம் பக்கம் கொடுத்த விலை வேறு. வட ஆற்காட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் சொன்னது. அதே பாலாறுதான் நம் மாவட்டத்துக்கும் வருகிறது.

ஆகவே தம்பிகளே, ஆசைப்பட்டு வாங்கினால் வருஷக்கணக்கில் போடுங்கள். ஃபேஷன் மாறியதென்று தூக்கி எறியாதீர்கள். பிள்ளைக்கும் கொடுக்கலாம், நல்ல தோல் தாங்கும்.