குச்சிக்கட்டும் எண்ணுப்பெயரும்

தொடக்கப்பள்ளிக் கணக்கு வகுப்புக்குள் குச்சிகளும் மணிகளும் வந்துவிட்டால் கணக்கு எளிதாகிவிடும் என்னும் நம்பிக்கை இந்தியக் கல்வி உரையாடல்களில் வேரூன்றியுள்ளது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் செய்து கற்பதையே வலியுறுத்துகின்றன. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்பது 2021இல் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் திட்டத்தின் நோக்கம். அதற்கு அத்திட்டம் குறித்த எல்லை 2026-27. ஆயினும், ஊரகக் குழந்தைகளிடையே நடத்தப்பட்ட 2024ஆம் ஆண்டின் அசர் கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்பினருள் கழித்தல் கணக்கைச் செய்ய முடிந்தவர்கள் 33.7 விழுக்காட்டினரே. 2022இல் இருந்த 25.9 விழுக்காட்டைவிட இது முன்னேற்றம்தான். எனினும், மூவரில் இருவர் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கின்றனர்.

குழந்தையின் கையில் பொருளைக் கொடுப்பது தேவை. அது மட்டுமே போதாது. பொருளுக்கும் எழுதப்படும் எண்ணுக்கும் இடையே மொழி நிற்கிறது. அம்மொழியைக் கவனியாத செயல்பாடு சடங்காகவே முடியும்.

இந்தி வழியில் கற்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். 29க்கு இந்தியில் ‘உன்தீஸ்’ என்று பெயர். முப்பதுக்கு ஒன்று குறைவு என்பதே அச்சொல்லின் பழைய பொருள். காதில் விழுவது முப்பதைக் குறிக்கும் ‘தீஸ்’. எழுதத் தொடங்க வேண்டியதோ 2. ‘பச்சீஸ்’ என்னும் சொல்லில் ஐந்து முன்னும் இருபது பின்னும் ஒலிக்கின்றன. 25 என எழுதுகையில் வரிசை தலைகீழாகிறது. 19 முதல் 79 வரை ஒன்பதில் முடியும் எண்களில் தொடரும் ‘ஒன்று குறைவு’ என்னும் அமைப்பு, 89இல் ‘நவாஸி’ எனத் திடீரென மாறிவிடுகிறது. நூறு வரையிலான பெயர்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக மனனம் செய்வதைத் தவிர அக்குழந்தைக்கு வேறு வழியில்லை.

தமிழில் ‘இருபத்தொன்பது’ என்னும் சொல்லே இரண்டு பத்துகளையும் ஒன்பது ஒன்றுகளையும் காட்டிவிடுகிறது. ஆனால், தமிழ்க் குழந்தையும் ‘தொண்ணூறு’ என்பதில் நூறையும் ‘தொள்ளாயிரம்’ என்பதில் ஆயிரத்தையும் கேட்டுத் தடுமாறக்கூடும். முண்டா மொழிகள் சிலவற்றிலோ எண்ணும் முறையே இருபதை அடியாகக் கொண்டது. அவற்றை வீட்டில் பேசும் குழந்தை, பத்துப் பத்தாகக் கட்டும் வகுப்பறைக்கு வேறொரு கணக்குடன் வருகிறது.

இத்தகைய இடங்களில்தான் குச்சிக்கட்டு தன் பணியைச் செய்ய வேண்டும். இரண்டு கட்டுகளையும் ஒன்பது உதிரிக் குச்சிகளையும் மேசைமேல் வைத்து ‘இது 29’ என்று ஆசிரியர் அறிவித்துவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். ‘மூன்றாவது கட்டுக்கு இன்னும் எத்தனை குச்சி வேண்டும்?’ என்று கேட்டால், ‘ஒன்று’ என்னும் விடை குழந்தையிடமிருந்தே வரும். அப்போது ‘உன்தீஸ்’ என்னும் சொல் குழந்தைக்குப் பொருள் தரத் தொடங்கும். தடையாக இருந்த சொல்லே படியாகிவிடும்.

தீர்வுக் கணக்குகளிலும் சிக்கல் மொழி சார்ந்ததே. ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி என்று குறிப்புச் சொற்களைப் பழக்குவது பரவலாக உள்ளது. ‘கூடையிலிருந்து 8 எலுமிச்சை விற்றபின் மீதி 15, முதலில் இருந்தவை எத்தனை?’ என்று கேட்டால், அப்படிப் பழகிய குழந்தை 7 என்றே எழுதும். சரியான விடை 23. இங்கே பிழைத்தது கழித்தல் திறன் அன்று. வாக்கியத்தை வாசித்த முறை. குச்சிகளை அடுக்கி அந்நிகழ்வை நடித்துப் பார்த்து, தன் சொற்களில் திரும்பச் சொல்லும் குழந்தைக்கு இப்பிழை நேர வாய்ப்புக் குறைவு.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் விற்பனை செய்யும் சிறார்கள் விலையையும் சில்லறையையும் மனத்துக்குள்ளேயே சரியாகக் கணக்கிட்டனர். அதே அளவு கடினமான கணக்கைப் பாடநூல் வடிவில் கொடுத்தபோது தடுமாறினர். பள்ளிக் குழந்தைகளின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. வாழ்க்கைக் கணக்கு தானாகவே ஏட்டுக்கு வருவதில்லை. ஏட்டுக் கணக்கும் தானாகவே சந்தைக்குப் போவதில்லை. கிலோ 40 ரூபாய் என்றால் முக்கால் கிலோவுக்கு ‘அரைக்கு 20, காலுக்கு 10’ என்று சொல்லும் சிறுவனின் வாய்மொழியை 20 + 10 = 30 என்று அவன் கண்முன்னே எழுதிக் காட்டும் ஆசிரியரே அங்குப் பாலமாகிறார்.

ஒரே அறையில் பல வகுப்புகளை நடத்தும் ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்னும் கேள்வி நியாயமானது. பேசிக் கற்பித்தால் பாடத்திட்டம் மெதுவாகவே நகரும் என்பதும் உண்மை. ஆனால், பத்துக் கணக்குகளைக் கரும்பலகையிலிருந்து படியெடுக்கும் நேரத்தில் இரண்டு கணக்குகளையேனும் பேசித் தீர்க்க இயலும். அதற்குப் புளியங்கொட்டையும் ரப்பர் வளையமும் போதும். கூடுதலாகத் தேவைப்படுவது, குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்பதற்கான பயிற்சி. ஆசிரியர் கல்வியில் கணிதம் கற்பித்தலும் மொழி கற்பித்தலும் தனித்தனித் தாள்களாகவே கிடக்கும்வரை அப்பயிற்சி கிடைக்காது.

மொழியியல் துறைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இந்திய மொழிகளின் எண்ணுப்பெயர் அமைப்புகளை விளக்கும் ஆய்வுகள் நூலகத்தில் தங்கிவிடாமல் மூன்றாம் வகுப்பு ஆசிரியரின் கையேட்டைச் சென்றடைய வேண்டும். அங்கே அவற்றுக்குக் காத்திருக்கும் குழந்தை, தன் மொழியில் எண்ணத் தெரிந்தும் கணக்குத் தெரியாதது எனப் பெயர் பெற்ற குழந்தை.