தடமறி நாய்க்குத் தமிழே ஏவல்

திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் வட்டாரத்து இருளர் அடிச்சுவடு காண்பதில் வல்லார். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டம் மான்வேட்டையைத் தடுத்தது, முறையே. ஆயின் தடமறி கலையையும் புதைப்பதோ? 2017-இல் மலைப்பாம்பு தேட அமெரிக்கப் புளோரிடா தமிழக இருளர் இருவரை அழைத்தது. 2021-இல் முதுமலையில் புண்பட்ட புலியைத் தேடச் சிப்பிப்பாறை நாய் சென்றது. இவ்விரண்டையும் இணைத்தாலென்ன?

குருதித்துளி இட்ட தடத்தில் நீள்வார் பூட்டி நடத்தி, முடிவில் இறைச்சி ஈந்து, நாள்தோறும் பழந்தடத்திற்குப் பழக்குவதே பயிற்சி. சாலையில் அடிபட்டுப் புதருள் மறையும் மான் பிழைக்கும்.

இருளரே ஆசானாகுக! ‘தேடு’, ‘நில்’, ‘வா’ எனத் தமிழே ஏவலாகுக! நாய்க்கு ஆங்கில மயக்கமில்லை; நமக்கே உண்டு.