செத்த கிருமி விட்டுச் செல்வது

'கிருமிநீக்கம் செய்யப்பட்டது' என்ற தொடர் பாதி உண்மையையே சொல்கிறது. குளோரின் கலந்த நீரிலிருந்து கிருமி நீங்குவதில்லை, அங்கேயே சாகிறது. அது சுமந்திருந்த மருந்தெதிர்ப்பு மரபணு, உடைந்த செல்லிலிருந்து வெளியேறி அதே நீரில் மிதக்கக்கூடும்.

செத்ததற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்போருக்கு 1928இலேயே விடை கிடைத்துவிட்டது. வெப்பத்தால் கொன்ற நிமோனியாக் கிருமியையும் தீங்கற்ற உயிருள்ள கிருமியையும் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினார் பிரெடரிக் கிரிஃபித். எலிகள் மாண்டன. செத்த கிருமி தன் கொடுமையை உயிருள்ளதற்குக் கொடுத்திருந்தது. கொடுக்கப்பட்ட பொருள் டி.என்.ஏ. என்பதை 1944இல் ஏவரி குழுவினர் நிறுவினர்.

ஆகவே எம்முறையில், எவ்வளவு கிருமி கொல்லப்படுகிறது என்பது மட்டும் கேள்வியன்று. புற ஊதாக்கதிர் கிருமியை முடக்கப் போதுமான அளவில் மரபணுவைச் சிதைப்பதில்லை. அதற்குப் பன்மடங்கு வேண்டும். குளோரின் போதாத அளவில் சேர்ந்தால், பிழைத்த கிருமிகளிடையே மரபணுப் பரிமாற்றம் கூடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஓசோன் வலிமையானது, ஆயினும் அழுக்கு மிகுந்த கழிவுநீரில் அதன் பெரும்பகுதி அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடுகிறது.

2011இல் வெளியான ஆய்வொன்று புதுதில்லியில் 50 குடிநீர் மாதிரிகளுள் இரண்டிலும், தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51இலும் என்.டி.எம்.-1 மரபணுவைக் கண்டது. கார்பபெனம் என்னும் உயர்நிலை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது. அதன் பெயரில் தலைநகரின் பெயர் இருந்ததற்காக எழுந்த சினத்தில் ஒரு பங்கேனும் அந்த நீருக்காக எழவில்லை.

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, 100 மி.லி. நீரில் ஈ.கோலி தென்படலாகாது என்கிறது. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மருந்தெதிர்ப்பு மரபணுவுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. மருந்தாலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு விதித்த வரைவு 2020இல் வந்தது. 2021இன் இறுதி விதிகளில் அவ்வரம்புகள் காணாமற்போயின. எச்சம் நீடிக்கும் நீரில் எதிர்ப்புள்ள கிருமியே பிழைத்துப் பெருகும். அதன்மேல் எவ்வளவு குளோரினைக் கொட்டினாலும் அந்தத் தேர்வு நிற்காது.

இதைக் குளோரினுக்கு எதிரான வாதமாகத் திரிப்பது பொறுப்பற்ற செயல். காலராவையும் டைபாய்டையும் தடுக்கும் காவல் அது. அதைக் கைவிடச் சொல்வோர் ஏழைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள். வேண்டுவன வேறு: மருத்துவமனை, மருந்தாலைக் கழிவுகளைப் பொதுச் சாக்கடையில் கலக்கும் முன்பே சுத்திகரித்தல், கிருமியைக் கொல்லுமுன் இயன்றவரை வடிகட்டி அகற்றுதல், கைவிட்ட வரம்புகளை மீட்டல், சுத்திகரித்து வெளியேற்றும் நீரில் மரபணுவையும் அளத்தல். உயிருள்ள கிருமியை மட்டும் எண்ணும் அரசு, அளக்காத ஒன்றை இல்லாத ஒன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கான விலையை மருந்து வேலை செய்யாத நோயாளியே கொடுக்கிறார்.