வாயைத் திறக்காத எழுத்துகள்

2016, மே மாதம். நான் வானொலியில் சேர்ந்த புதிது. காலை நிகழ்ச்சியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும் பொறுப்பு எனக்கு. அன்று விடியற்காலை முடிந்த ஆட்டத்தில் செல்சியும் டொட்டன்ஹாமும் 2-2 எனச் சமநிலை கண்டன. அதனால் பிரிமியர் லீக் கிண்ணம், யாரும் எதிர்பார்க்காத வேறொரு குழுவுக்கு உறுதியானது. காகிதத்தைப் பார்த்தேன், மைக்கைத் திறந்தேன், "லெய்செஸ்டர் சிட்டி" என்று கம்பீரமாக வாசித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

அடுத்த பாட்டு ஓடும்போது நிலையத் தொலைபேசி அடித்தது. லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர். "தங்கச்சி, நல்லா வாசிக்கிறீங்க. அந்தக் குழு பேரு மட்டும் லெஸ்டர்மா. பாட்டு முடியறதுக்குள்ள சொல்லிடலாம்னு அடிச்சேன்."

அடுத்த செய்தியில் சரியாக வாசித்தேன். அந்த அண்ணனின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். ஆனால், அவர் பாட்டு ஓடும் நேரமாகப் பார்த்து அழைத்ததை மறக்கவில்லை. ஏனென்றால், அதே மாதிரி ஒரு சந்தர்ப்பத்தில் நான் அப்படி நடந்துகொள்ளவில்லை.

அப்போது நான் இரண்டாம் படிவம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தோம். பணம் கட்டிவிட்டு அம்மா கவுண்டரில், "மிஸ், ரிசிப்ட்" என்று கேட்டார். நான் சத்தமாக, "ஐயோ அம்மா, ரிசீட்! அந்த எழுத்தச் சொல்லக்கூடாது" என்றேன். கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வங்கியோ, பள்ளி அலுவலகமோ, எங்கே போனாலும் அம்மா என்னை முன்னால் தள்ளி, "நீயே கேளும்மா" என்பார்.

அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். எழுதியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் தமிழ் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. தமிழில் சில எழுத்துகளின் ஒலி குறுகும். 'காடு' என்பதில் கடைசி உகரம் பாதியாகத் தேய்வதைக் குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால், எழுதிவிட்டு வாயே திறக்காத எழுத்து நம்மிடம் இல்லை. மலாயும் அப்படித்தான். கடை ரசீதில் பாருங்கள், 'ரெசிட்' என்று காதில் விழுகிற மாதிரியே அச்சடித்திருப்பார்கள். அன்று அம்மா மலாயில் கேட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

சரி, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி?

தமிழில் எழுதும்போது இரண்டு 'பி'யும் ஒன்றாகத் தெரியும் என்பதால் ஒன்றைப் 'பேப்பர் பி' என்றும் மற்றதைப் 'பஸ் பி' என்றும் வைத்துக்கொள்வோம். ரிசீட் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பொதுவாக அதில் 'பேப்பர் பி' கிடையாது. லத்தீன் மூலச் சொல்லில் அந்த எழுத்து இருந்தது என்பதற்காகப் படித்தவர்கள் பின்னால் சேர்த்தார்கள். கடனைக் குறிக்கும் டெட், சந்தேகத்தைக் குறிக்கும் டவுட் இரண்டிலும் இருக்கும் 'பஸ் பி' நுழைந்த கதையும் இதேதான். எழுத்தில் சேர்த்தார்களே தவிர, மக்கள் வாய் பழையபடிதான் பேசியது. தீவைக் குறிக்கும் ஐலண்ட் இன்னும் வேடிக்கை. அதற்கும் லத்தீனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும், சம்பந்தம் இருப்பதாக நினைத்து ஒரு 'எஸ்' போட்டுவிட்டார்கள்.

இன்னொரு வகை, ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்த எழுத்துகள். கத்தி, முழங்கால் ஆகியவற்றுக்கான நைஃப், நீ என்ற சொற்களில் முதலில் நிற்கும் 'கே'யைப் பழைய ஆங்கிலேயர்கள் உச்சரித்தார்கள். ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கினார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. பேச்சு நிற்காமல் மாறிக்கொண்டே போனது.

ஆகவே, இந்தச் சொற்களைத் தவறாகச் சொன்னால் அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. காதால் கேட்பதற்கு முன்பே கண்ணால் படித்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

பழக எளிய வழிகள் உண்டு. முதலாவது, குடும்பமாகப் பிடியுங்கள். தொடக்கத்தில் 'கே'யும் 'என்'னும் சேர்ந்து வந்தால் 'கே' பேசாது. 'டபிள்யூ'வும் 'ஆர்'உம் சேர்ந்து வந்தால் 'டபிள்யூ' பேசாது: ராங், ரிஸ்ட். கடைசியில் 'எம்'முக்குப் பின் 'பஸ் பி' வந்தால் அது பேசாது: கட்டைவிரல் தம், சீப்பு கோம். குழாய் பழுதுபார்ப்பவரும் பிளம்பர் இல்லை, பிளம்மர். நாம் பள்ளியில் கற்ற பிரிட்டிஷ் முறையில் சாமன் மீனிலும் நம் நாட்டுச் செம்பனையான பாம் ஆயிலிலும் 'எல்' பேசாது. ஊர்ப் பெயர்களில் லெஸ்டரைக் கற்றால் குளோஸ்டர், வூஸ்டர் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். சமையலறையில் இருக்கும் வூஸ்டர் சாஸ் அந்த ஊர்க்காரர்தான்.

இரண்டாவது, சொந்தக்காரச் சொல்லைத் தேடுங்கள். எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்க இது உதவும். சைன் என்பதில் பேசாத 'ஜி', சிக்னேச்சரில் பேசும். மசிலில் பேசாத 'சி', மஸ்குலரில் பேசும். டெட்டில் பேசாத 'பஸ் பி', நம் பர்ஸில் இருக்கும் டெபிட் கார்டில் பேசும்.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் கைத்தொலைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேளுங்கள். நேர்முகத் தேர்வுக்கும் அலுவலகப் படைப்புக்கும் முந்தின நாள் இரவு, வாசிக்கப்போகும் பெயர்களை மட்டுமாவது கேட்டுவிடுங்கள். நான் இன்றும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் இதைச் செய்கிறேன்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். ரத்த அழுத்தப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். "சொல்லாத எழுத்த எதுக்கு எழுதணும்?" என்று மட்டும் கேட்டார். பரிசோதனை முடிந்து நான் காரை எடுக்கப் போய்த் திரும்பியபோது, அம்மா கவுண்டரில் தனியாக நின்று, "மிஸ், ரிசீட்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மிகச் சரியான உச்சரிப்பு.

காரில் ஏறியதும், "எப்பம்மா கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"நீ அன்னிக்குச் சொன்னப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் கேக்கத்தான் வாய் வரல" என்றார்.

வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நம்மைத் திருத்தும் காலம் இது. திருத்தட்டும், நல்லதுதான். ஆனால், எப்படித் திருத்துவது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். அந்த லோரி அண்ணனைப் போல, பாட்டு ஓடும்போது, ஒருவர் காதுக்கு மட்டும்.