தெப்பக்குளத்தில் ஸ்கூபாவா? ஆமாம்!

ஸ்கூபா என்றாலே நம்மாட்களுக்கு அந்தமான், பவளப்பாறை, கலர் மீன்தான். மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் பழகலாம் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரம். நங்கநல்லூர் பக்கம் மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரி. ஒருவர் மூழ்க, காப்பாற்றப் போனவர்களும் மூழ்க, ஐந்து இளைஞர்கள் போய்விட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து எடுத்தது உடல்களைத்தான். அவர்கள் மேல் தப்பில்லை. மூச்சு நின்ற மூளை தாங்குவது சில நிமிடம். வண்டி வரவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

அதனால் வீரர்கள் விழா தொடங்கும் முன்பே கரையில் நிற்கவேண்டும், பெரிய கோவில், சின்னக் கோவில் என்று பார்க்காமல்.

கடலில் பழகியவர் குளத்திலும் சமாளிப்பார் என்பதும் தப்புக்கணக்கு. கடல்நீர் நன்னீரைவிட சுமார் 2.5% கனம். கடலுக்குக் கட்டும் ஈயக்கட்டியைக் கட்டிக்கொண்டு குளத்தில் குதித்தால் சர்ரென்று கீழே போகவேண்டியதுதான். பாசித் தண்ணீரில் தன் கையே தெரியாது. கயிறு பிடித்துத் துழாவவேண்டும். அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். மார்கழி, தையில் மழைநீர் நிறைந்து குளமும் ஆழமாக இருக்கும். பழக வேறென்ன வேண்டும்?

"கோவில் குளத்தில் சிலிண்டரோடா? தீட்டு!" என்பவர்களுக்கு ஒரே கேள்வி. பிணம் தேட அதே சிலிண்டரோடுதானே இறங்குகிறார்கள்? உயிரோடு தூக்க இறங்கினால் மட்டும் தீட்டா?