பாடல் என்பது வரிகள் மட்டுமன்று: நார்மன் விட்ஃபீல்டுக்கு உரிய இடம்

‘எதிர்ப்புப் பாடல்கள்’ என்ற தலைப்பில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகளிலிருந்து வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பாடலின் வரிகள் முதலில் தட்டச்சாகும், உருவகங்கள் எண்ணப்படும், வரலாற்றுப் பின்னணி இரண்டு பத்திகளில் முடியும், பிறகு முடிவுரை. ஒலிப்பதிவை ஒருமுறையேனும் கேட்டதற்கான தடயம் கட்டுரையில் இராது. இந்த வழக்கம் சிலரை வரலாற்றிலிருந்தே அகற்றிவிடுகிறது. அவர்களுள் முதன்மையானவர், 1960களின் இறுதியில் ‘சைகடெலிக் சோல்’ என்ற வகைமைக்கு உருவம் தந்த நார்மன் விட்ஃபீல்டு.

அவர் பாடகர் அல்லர்; இசைத்தட்டுத் தயாரிப்பாளர். தமிழில் இச்சொல்லே ஒரு தடை. தயாரிப்பாளர் என்றதும் திரைப்படத்துக்குப் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருகிறார். இசைத்தட்டு உலகில் அச்சொல் குறிப்பது ஏறக்குறைய இயக்குநரின் பணியை. எந்தப் பாடலை யார் பாடுவது, எந்த வேகத்தில், எந்தக் கருவி எப்போது நுழைவது, எது எப்போது மௌனமாவது என்பனவற்றைத் தீர்மானிப்பவர் அவர். தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை நன்கு அறியும். ‘அரசன் கோயில் கட்டினான்’ என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. ‘தச்சன் கோயில் கட்டினான்’ என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா. மோடவுன் நிறுவனத்தை நடத்திய பெரி கோர்டி ஏவுதற் கருத்தா. விட்ஃபீல்டை அவரோடு சேர்த்து ஒரே வரிசையில் வைப்பதே விமரிசகர்களின் முதற்பிழை. விட்ஃபீல்டு உளி பிடித்தவர்.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பொருள் வேறுபடுகிறதா என்று பார்ப்பது மொழியியலின் தொடக்கப் பாடம். விட்ஃபீல்டின் தொழில்முறையே அச்சோதனையை முடித்து வைத்திருக்கிறது. அவரும் பாரட் ஸ்ட்ராங்கும் எழுதிய ‘ஐ ஹர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ பாடலைக் கிளாடிஸ் நைட் குழுவினர் பாட, 1967இல் வெளியிட்டார். அது தேவாலயப் பாடலின் வேகத்தில் துள்ளும். அதில் ஏமாற்றப்பட்டவளின் சினம் உண்டு. மார்வின் கே பாடிய பதிப்பைக் கோர்டி முதலில் ஒதுக்கினார். அது 1968இல்தான் வெளிவந்து, அமெரிக்கத் தரவரிசையில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மெதுவான நடை, இருண்ட மின்பியானோத் தொடக்கம், பின்னால் நெருங்கிவரும் வயலின்கள். இங்கே சினம் இல்லை, அச்சம் மட்டுமே. வரிகள் ஏறத்தாழ அவையே, தயாரிப்பாளரும் அவரே. இரண்டு பதிவுகளும் வெவ்வேறு பொருள் தருகின்றன என்றால், அப்பொருள் வரிகளில் மட்டும் இல்லை என்பது வெளிப்படை. வரிகளை மட்டும் ஆராயும் கட்டுரை இந்த இரண்டையும் வேறுபடுத்தவே இயலாது.

மறுப்புகள் உண்டு. முதலாவது, விட்ஃபீல்டு செய்தது ஸ்லை ஸ்டோனின் பிரதி என்பது. ‘ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்’ குழுவின் தாக்கம் மறுக்க முடியாதது. 1968இல் டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்காக விட்ஃபீல்டு உருவாக்கிய ‘கிளவுட் நைன்’ பாடலில், ஒரு முதன்மைப் பாடகருக்குப் பதில் ஐவரும் அடிகளைப் பகிர்ந்துகொள்வது அங்கிருந்து வந்த உத்தி. சிகாகோவில் சார்ல்ஸ் ஸ்டெப்னியும் மெம்பிஸில் ஐசக் ஹேய்ஸும் அதே ஆண்டுகளில் சோல் இசையை விரித்துக்கொண்டிருந்தனர். ஆனால், ஸ்லை தம் சொந்தக் குழுவுக்குத் தாமே எழுதித் தாமே வாசித்தவர். விட்ஃபீல்டு இயங்கிய இடமோ, தொழிற்சாலை ஒழுங்கில் மூன்று நிமிடக் காதல் பாடல்களை வார்த்துத் தள்ளிய நிறுவனம். அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலையைத் தொடங்கியவர் அவர். அந்த அச்சை உள்ளிருந்தே உடைத்து, டென்னிஸ் காஃபியின் வா-வா கிட்டாரையும் வறுமை பற்றிய பேச்சையும் அதற்குள் கொண்டுவந்தார். 43 பேர் மாண்ட 1967 டெட்ராய்ட் கிளர்ச்சிக்கு மறு ஆண்டு, அதே நகரத்தில் அப்பாடல் வெளிவந்தது. மோடவுனுக்கு முதல் கிராமி விருதையும் அதுவே பெற்றுத் தந்தது. ஓர் உத்தியைக் கடன் வாங்குவதும் ஒரு நிறுவனத்தின் இலக்கணத்தை மாற்றுவதும் ஒன்றாகா.

‘பாப்பா வாஸ் எ ரோலின் ஸ்டோன்’ இதற்கு உச்சச் சான்று. 1972இல் ‘அண்டிஸ்பியூட்டட் ட்ரூத்’ என்ற தம் மற்றொரு குழுவைக்கொண்டு அதை முதலில் பதிந்தார். அது பெரிதாக எடுபடவில்லை. அதே ஆண்டு டெம்ப்டேஷன்ஸுக்காக மீண்டும் கட்டினார். இசைத்தொகுப்பில் அது ஏறத்தாழ 12 நிமிடம். கார்டு எனப்படும் சுரக்கூட்டு முழுப் பாடலிலும் மாறுவதே இல்லை. சில சுரங்களை மட்டும் ஒலித்து நெடுநேரம் நிறுத்தும் பேஸ் கிட்டார், ஓயாத தட்டுச் சிம்பல், எதிரொலிக்குள் தொலையும் ட்ரம்பெட், கைதட்டல். முதற்குரல் ஒலிக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். இறந்துபோன தந்தை எப்படிப்பட்டவர் என்று பிள்ளைகள் தாயிடம் கேட்கும் பாடல் இது. தாயிடம் இருப்பது ஒரே விடை. நகர மறுக்கும் சுரக்கூட்டும் நிரப்பப்படாத இடைவெளிகளும் அந்த வீட்டின் வெறுமையை வரிகளுக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. அந்த நான்கு நிமிடங்களை ‘முன்னிசை’ என்று தள்ளிவிட்டு வரிகளுக்குத் தாவும் ஆய்வாளர், கட்டுரையின் கருதுகோளைக் கிழித்துவிட்டு மேற்கோள்களை மட்டும் படிப்பவருக்கு ஒப்பானவர். கிராமி நடுவர்கள் இதை அன்றே உணர்ந்திருந்தனர்: அப்பாடலின் மூன்று விருதுகளுள் ஒன்று, குரலே இல்லாத கருவியிசைப் பதிப்புக்காக விட்ஃபீல்டுக்கும் இசையமைப்பொழுங்கு செய்த பால் ரைசருக்கும் வழங்கப்பட்டது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: அவர் பாடகர்களை விழுங்கிவிட்டார் என்பது. 1973இல் வந்த ‘மாஸ்டர்பீஸ்’ தொகுப்பின் தலைப்புப் பாடல் 13 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி கருவியிசை. நாட்டின் தலைசிறந்த குரல்கள் தம் இசைத்தட்டிலேயே விருந்தாளிகளாயினர். அவர்களின் மனக்குறை நியாயமானது. அதே ஆண்டோடு அந்தக் கூட்டணியும் முடிந்தது. எனினும் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாடகர்களை மறைக்குமளவு ஒருவரின் கைவண்ணம் ஓங்கியிருந்தது என்பவர், அந்தப் பதிவின் ஆசிரியர் அவரே என்று ஒப்புக்கொள்கிறார். ஆசிரியரைக் குறைகூறலாம், குறைகூறிக்கொண்டே அவர் இல்லை என்று எழுதலாகாது.

விட்ஃபீல்டைத் தனிமனித மேதையாக்குவதும் இதே பிழையின் மறுபக்கம். ஸ்ட்ராங்கின் சொல், ரைசரின் வயலின் வரிசை, ‘ஃபங்க் பிரதர்ஸ்’ எனப்பட்ட வாத்தியக்காரர்களின் விரல்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த ஒலி. அவ்வாத்தியக்காரர்களின் பெயர்கள் 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரும்வரை மோடவுன் உறைகளில் அச்சேறவில்லை. பரிபாடலைத் தொகுத்தவர்களோ பாடலை இயற்றிய புலவர், அதற்கு இசை வகுத்தவர், பண் என மூன்றையும் தனித்தனியே குறித்து வைத்தனர். அந்த மரபில் வந்தவர்கள் நவீன இசைப்பதிவை ஆராயும்போது, இசை வகுத்தவருக்கு ஓர் அடிக்குறிப்பும் தர மறுப்பது வெட்கத்துக்குரியது.

செய்யவேண்டியது அரிதன்று. ஒலிப்பதிவையே பாடநூலாக வைக்கவேண்டும். ஆய்வேட்டில் பாடகரின் பெயருக்குப் பக்கத்தில் தயாரிப்பாளர், இசை ஒழுங்கமைத்தவர், வாத்தியக்காரர் பெயர்களும் இடம்பெறவேண்டும். வரிகளை மட்டும் ஆராய்ந்த கட்டுரை, ‘பாடல் பற்றிய ஆய்வு’ என்று தலைப்பிடாமல் ‘பாடல் வரிகள் பற்றிய ஆய்வு’ என்றே நேர்மையாகத் தலைப்பிடட்டும். நெறியாளர்கள் இந்த ஒரு திருத்தத்தை மட்டும் வற்புறுத்தினாலும், அடுத்த தலைமுறை மாணவர் அந்த நான்கு நிமிடங்களைக் கேட்காமல் கடந்துபோக முடியாது.